சத்தம் போடாத கீபோர்டு

பாளையங்கோட்டையில் ஒரு கேமிங் சென்டர். துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் அங்கே பெனடிக்டாதான் மாஸ்டர். இசக்கிராஜ் அவளைவிட மூத்தவன். ஆனாலும் கற்றுக்கொள்ள வந்தவன். அவன் அவளை மாஸ்டர் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. அதில் சொதப்பினால் அணியில் அவன் இடம் ஜெபினுக்குப் போய்விடும். ஜெபின் மாஸ்டரின் சித்தி மகன்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் அவனுடைய டக் டக்கென்று தட்டும் மெக்கானிக்கல் கீபோர்டைக் கழற்றிவிட்டு ஒரு ரப்பர் கீபோர்டைச் செருகினாள்.

"இது பில் போடுற கடையில இருக்கதுல்லா?" என்றான் இசக்கிராஜ்.

"ஆமா."

"இதுல மூணு கீயச் சேத்து அமுக்குனா ஒண்ணு வேலை செய்யாது."

"சிலதுல செய்யாது. உங்க விரல் போற கீ எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டுதான் எடுத்தேன்."

இவ்வளவு அக்கறை எதற்கு? அவனுக்குச் சந்தேகம் கூடத்தான் செய்தது.

"ஜெபினுக்கு ஏன் குடுக்கல?"

"அவன் குதிக்கும்போது வாயாலயும் கத்துவான். அவனுக்கு எதைக் குடுத்து என்ன?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நேராவே கேக்கேன் மாஸ்டர். நான் தோக்கணுமா?"

அறையின் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. போட்டியில் எதிரணி அதற்கு அந்தப் பக்கம்தான் உட்காரும். அவள் தன் மெக்கானிக்கல் கீபோர்டையும் அவனுடைய ரப்பர் கீபோர்டையும் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"ஆட்டத்தைப் போட்டுட்டு மானிட்டரை அணைங்க. ஹெட்செட்டும் வேண்டாம்."

அணைத்தான்.

டக், டக், டக்.

"நான் என்ன செய்யுதேன்?"

"இடமும் வலமுமா ஒதுங்குறீங்க."

டம்.

"இப்போ?"

"குதிச்சீங்க. அந்தப் பெரிய கீ தனியாக் கேக்கும்."

டக்.

"ஒத்தைத் தட்டு. துப்பாக்கிக்குக் குண்டு மாத்துறீங்க. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

அந்தப் பக்கம் கீபோர்டு மாற்றும் ஓசை. அப்புறம் ஒன்றுமே இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"இப்போ?"

"சும்மா இருக்கீங்க."

"மானிட்டரைப் போடுங்க."

போட்டான். ஆட்டத்தில் அவனுடைய ஆளின் முதுகுக்குப் பின்னால் அவளுடைய ஆள் கத்தியோடு நின்றிருந்தான்.

இசக்கிராஜ் கழற்றி வைத்திருந்த ஹெட்செட்டைக் கையில் எடுத்தான்.

"போட்டியில எல்லாரும் ஹெட்செட் போட்டிருப்பாங்களே."

"ஒரு காதை விட்டுத்தான் போடுவானுவ. புரோட்டா பார்சல் வந்தா கூப்பிடுவாங்கல்ல, அது கேக்கணுமே."

அப்போதும் அவன் விடவில்லை.

"அவ்வளவு நல்லதுன்னா, ஞாயித்துக்கிழமை நீங்க எதுல ஆடுவீங்க?"

"என்னோட டக் டக்லதான்."

"பாத்தீங்களா! எனக்கு மட்டும் ரப்பர். ஏன்?"

அவள் தடுப்பைச் சுற்றி வந்து ரப்பர் கீபோர்டை அவன் முன்னால் வைத்தாள்.

"அவனுவ காது பூரா எம்மேல இருக்கும். எல்லாரும் என்னைச் சுட வருவானுவ. நீங்க பின்பக்கமாப் போங்கண்ணே."