வீரக்காள் பேரம் பேசி வாங்கிய சடைநாய்

ராசாக்கள் யானைமேல் போக, மற்ற எல்லோரும் புழுதியில் நடந்த காலம் அது. அப்போது கள்ளிமேடு என்ற ஊரில் வீரக்காள் என்று ஓர் ஆட்டுக்காரி இருந்தாள். அவளுக்குப் பட்டி நிறையக் கம்பளி ஆடுகள் இருந்தன. வாய் நிறையக் கோபம் இருந்தது. தலை நிறையப் பேரம் இருந்தது.

சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். அவளை ஏமாற்றாத வியாபாரி அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. ஏமாந்து ஏமாந்தே தொழில் கற்றுக்கொண்டாள். முதலில் சொன்ன விலைக்கு வாங்கினாள். பிறகு பாதி விலைக்குக் கேட்டாள். கடைசியில், ஒருவன் சும்மா கொடுத்தால்கூட, "சும்மாதானே குடுக்கிறே, ரெண்டாக் குடு" என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஒரு வருஷம் அவள் மாட்டுத்தாவணி என்கிற கால்நடைச் சந்தைக்குப் போனாள். அங்கே மலைநாட்டு வியாபாரி ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சாம்பலும் வெள்ளையுமாகப் பெரிய மயிர் மூட்டை ஒன்று கிடந்தது. கம்பளி நெய்ய அருமையான மயிர்! வீரக்காள் அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள்.

"இது என்ன விலை?"

அவன் வாயைத் திறப்பதற்குள், "அவ்வளவு தர முடியாது" என்றாள்.

"ஒரு கிடாயும் ஒரு பானை நெய்யும் குடு, தாயே."

"கிடா கிழடாத்தான் இருக்கும். பானை சின்னதாத்தான் இருக்கும். நெய்யும் கழுத்து மட்டும் வராது. சம்மதமா?"

"சம்மதம்."

இவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிட்டானே என்று அவள் மூட்டையை இன்னொரு தட்டுத் தட்டினாள். அந்த நேரம் பார்த்து மூட்டை எழுந்து நின்றது. சோம்பல் முறித்தது. உடம்பை ஓர் உதறு உதறியது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பாக நாக்கு வெளியே வந்தது. அதுதான் முன்பக்கம் என்று எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீரக்காளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் பேசிய பேரத்திலிருந்து பின்வாங்குகிற ஆளா அவள்?

"நாய்னு தெரிஞ்சுதான் கேட்டேன். எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று ஒரே போடாகப் போட்டாள்.

வியாபாரி நாயின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "தாயே, இது ஆடு மேய்க்கிற சாதி. கடிக்காது. விலகிப் போறதை வளைச்சுக் கூட்டத்துல சேர்க்கும். ஆனா இதுக்கு நீ மூணு காரியம் செய்யணும். தினமும் வேலை குடுக்கணும். தினமும் முடியைச் சீவிவிடணும். இதுகிட்ட ஒருநாளும் கத்தக் கூடாது, கத்தினா அந்த இடத்துலயே படுத்துக்கும்."

"மூணு சாஸ்தி. ஒண்ணாக் குறை."

"விலைன்னா நான் குறைக்கலாம். இது நாய் கேட்கிறது, தாயே. நான் எப்படிக் குறைக்கிறது?"

"சரி, நாய்கிட்டயே பேசிக்கிறேன்" என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள் வீரக்காள்.

நாய்க்கு 'மூட்டை' என்றே பேர் வைத்தாள். மூட்டை வந்த நாளிலிருந்து ஓர் ஆடு வழி தவறவில்லை. ஓர் ஆட்டை நரி தொடவில்லை. ஓர் ஆடு அடுத்தவன் கொல்லையில் வாய் வைக்கவில்லை. வீரக்காள் உச்சி குளிர்ந்து போனாள்.

இப்படி இருக்கையில் ஊரில் அய்யனாருக்குப் பொங்கல் வந்தது. ஆடுகளுக்குப் பட்டியிலேயே தழை கட்டிவிட்டு, "இன்னிக்கு உனக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை, போ" என்று மூட்டையை அவிழ்த்துவிட்டாள்.

மூட்டை தெருவுக்குப் போய்ப் பார்த்தது. ஐயோ, ஊரே சிதறிக் கிடக்கிறதே! இங்கே ஒரு கோழி, அங்கே ஒரு கழுதை, திக்குக்கு ஒரு மனுஷன். பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா அது?

வீரக்காள் பொங்கல் பானையோடு திரும்பி வந்தபோது பட்டிக்குள் ஆடுகளோடு கோழிகள் நின்றன. வண்ணாரின் கழுதைகள் நின்றன. கையில் வெற்றிலைப் பெட்டியோடு ஊர் நாட்டாமையும் நின்றார்.

"வீரக்கா! உன் நாய் என்னைப் பட்டியில அடைச்சிருச்சு!"

"கடிச்சுச்சா?"

"இல்ல."

"குரைச்சுச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குவே உள்ள போனீரு?"

"போகாம இருக்க முடியலயே!"

வீரக்காளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "ஏ மூட்டை! மானத்தை வாங்கிட்டியே!" என்று ஒரு கத்துக் கத்தினாள். மூட்டை அப்படியே படுத்துவிட்டது. எங்கே? பட்டி வாசலுக்குக் குறுக்கே. இழுத்தாலும் வரவில்லை, தள்ளினாலும் நகரவில்லை. நாட்டாமை பொழுது சாயும்வரை கழுதைகளோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனைக்குப் பிறகாவது அவள் திருந்தினாளா? இல்லை. வேலையை மட்டும் தினமும் கொடுத்தாள். "மூணுல ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டேன், அது போதும்" என்று நாயிடமே சொல்லிவிட்டாள். சீப்பை எடுக்கவில்லை. "எனக்கே தலை சீவ நேரமில்ல, நாய்க்கு என்ன சிங்காரம்?"

சீவாத முடி சிக்கு விழுந்தது. சிக்கில் நாயுருவி ஒட்டியது. நாயுருவிக்கு அடியில் உண்ணி குடியேறியது. மூட்டை ராப்பகலாகச் சொறிந்துகொண்டே இருந்தது. கண்ணை முடி மூடிவிட்டதால் ஆடு என்று நினைத்து ஒரு புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்தச் சமயத்தில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கும் நாள் வந்தது. கத்தரிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வீரக்காளுக்கு ஒரு யோசனை. ஆட்டோடு ஆடாக மூட்டையையும் பிடித்து வரிசையில் விட்டாள். சிக்கும் போச்சு, உண்ணியும் போச்சு, ஒரு கம்பளிக்கு மயிரும் ஆச்சு! ஒரே கத்தரியில் மூன்று லாபம் என்று குதூகலித்தாள். அந்த மயிரில் கம்பளியும் நெய்து வாங்கிவிட்டாள்.

ஆனால் மொட்டை மூட்டையைப் பார்க்கச் சகிக்கவில்லை. முன்பு இருந்ததில் கால்வாசிதான் இருந்தது. ஆடுகள், யாரோ புது மிருகம் என்று நாலு திசையிலும் சிதறி ஓடின. வெயில் அதன் வெள்ளைத் தோலைச் சுட்டுச் சிவக்க வைத்தது. மூட்டை வண்டிக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டது. வீரக்காள் கத்தினாள். அது இன்னும் உள்ளே தள்ளிப் படுத்தது.

அந்த வருஷம் பார்த்து வானம் பொய்த்தது. காடு கரிந்தது. பச்சை இருந்த ஒரே இடம் ராசாவின் பாதி வற்றிய பெரிய கண்மாய் ஏரிதான். அதற்குப் போக வேண்டுமானால் சந்தைத் தெரு வழியாகத்தான் போக வேண்டும். போன வருஷம் போன மந்தைகள் சந்தையையே தின்று தீர்த்திருந்தன. அதனால் ராசா தண்டோரா போட்டார்:

"கடைத்தெருவில் ஒரு பொருளிலும் வாய் வைக்காமல் எந்த மந்தை கண்மாய் சேருகிறதோ, அந்த மந்தைக்குத்தான் கோடை முழுக்கப் புல்!"

புல் கிடைத்தால் மந்தை பிழைக்கும். கிடைக்காவிட்டால் ஒவ்வோர் ஆடாகக் கசாப்புக்குத்தான்.

வீரக்காள் வண்டிக்கு அடியில் தவழ்ந்து போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பேரம் தெரியும், சண்டை தெரியும். கெஞ்சத் தெரியாது. கடைசியில் மெதுவான குரலில், "மூணும் செய்றேன்டா" என்றாள். வீரக்காள் மெதுவாகப் பேசுவதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று கஷாயம் வைக்க ஓடினாள்.

தோலுக்கு எண்ணெய் போட்டாள். மிச்சமிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். விரல் நீளம்கூட இல்லாத முடியைத் தினமும் சீவினாள். ராசா குறித்த போட்டி நாளன்று, அதன் மயிரிலேயே நெய்த கம்பளியை அதன் முதுகில் போர்த்திக் கட்டினாள். ஆடுகள் மோந்து பார்த்தன. அட, நம்ம மூட்டை! ஒன்றாகக் கூடி நின்றன.

முதலில் பக்கத்து ஊர் ஆட்டுக்காரன் கருமலையான் வந்தான். அவனிடம் வேட்டை நாய்கள் இருந்தன. நாய்கள் பல்லைக் காட்டின, ஆடுகள் பயந்து கடைகளுக்குள் பாய்ந்தன. ஒரு கிடா கழுத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு வெளியே வந்தது.

அடுத்து அவன் மச்சான் வந்தான். தடியும் கூச்சலுமாக வந்தான். அவன் கத்திக்கொண்டே இருந்தான், ஆடுகள் கீரையைத் தின்றுகொண்டே இருந்தன.

மூன்றாவதாக வீரக்காள் வந்தாள். முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள்.

"என்ன வீரக்கா, நாய்க்குச் சட்டை தச்சுட்டே, ஆட்டுக்கெல்லாம் வேட்டி எப்போ?" என்றாள் கீரைக்காரி.

வீரக்காள் முந்தானையைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மூட்டை இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, பூசணிக் குவியலையும் வெள்ளரிக் குவியலையும் தாண்டி மந்தையை நகர்த்தியது. ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

தெருக்கோடியில் ராசா, சரியாகப் பார்க்க வேண்டும் என்று யானையிலிருந்து இறங்கித் தனியாக நின்றிருந்தார். கழுத்தில் மல்லிகை மாலை. மூட்டை பார்த்தது. தனியாக நிற்கிறதே ஒன்று!

ராசா இடப்பக்கம் நகர்ந்தார், மூட்டை அங்கே நின்றது. வலப்பக்கம் நகர்ந்தார், அங்கேயும் நின்றது. தள்ளி நின்ற மந்திரி கத்துவதற்கு வாயைத் திறந்தார். வீரக்காள் பதறிப்போய் மந்திரியைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். அவள் கண்ணைப் பார்த்த மந்திரி வாயை மூடிக்கொண்டார். ராசா ஆடுகளோடு ஆடாகக் கண்மாய்க்கு நடந்தார். போகிற வழியில் ஒரு பெட்டையாடு அவருடைய மல்லிகை மாலையை நிதானமாகத் தின்று முடித்தது.

கண்மாய்க்குள் கால் வைத்ததும் மந்திரி துள்ளிக் குதித்தார். "வாய் வச்சாச்சு! தோத்தாச்சு! புல் கிடையாது!"

வீரக்காளுக்கு ரத்தம் கொதித்தது. முந்தானையை உருவினாள். கத்தப் போனவள், காலடியில் இளைப்பாறும் மூட்டையைப் பார்த்தாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"மந்திரி ஐயா, கடைத்தெருப் பொருள்லதானே வாய் வைக்கக் கூடாதுன்னு தண்டோரா? ராசா கழுத்து மாலை எந்தக் கடையில விக்கிற பொருளு? ராசாவையும் சேர்த்து விலை போட்டிருக்கீரா? என்ன விலைன்னு சொல்லும், பேசுவோம்."

மந்திரி ராசாவைப் பார்த்தார். ராசா மந்திரியைப் பார்த்தார். மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. ராசா சிரித்த சிரிப்பில் கண்மாய்க்கரைக் கொக்குகள் பறந்துவிட்டன.

"புல் உனக்குத்தான், போ!" என்றார்.

கோடை முழுக்க ஆடுகள் வயிறார மேய்ந்தன. மூட்டைக்கு முடி பழையபடி வளர்ந்து, எது முன்பக்கம் என்று தெரியாமல் போனது. வீரக்காள் ஒருநாள் தவறாமல் அதைச் சீவினாள். மற்றதிலெல்லாம் அவள் மாறவில்லை. அடுத்த மாட்டுத்தாவணியில் சீப்பு விற்றவனை அழ வைத்துத்தான் அனுப்பினாள்.

ஆகவே, கேட்டுக்கொள்ளுங்கள்: ஓர் உயிரை வாங்கும்போது விலையைக் குறைத்துப் பேசலாம், அதற்குச் செய்ய வேண்டியதைக் குறைத்துப் பேசக் கூடாது.