எதிரே நிற்க வேண்டிய மண்டபம்

கோணப்பட்டிக்காரர்கள் பெரியவர்கள் சொல்லைத் தட்ட மாட்டார்கள். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

மருதையனுக்கு அன்று காலை பத்தரைக்கு முகூர்த்தம். தவறினால் ஆடி கழிந்துதான் அடுத்த நாள் பார்க்க வேண்டும். "மண்டபம் இருக்கற ரோட்டுல வண்டி நகராது மாப்பிள்ளை. மெட்ரோவுல வந்துடுங்க. படியேறினா மண்டபம் எதிர்லயே இருக்கும்" என்று மாமனார் பொன்னுரங்கம் போனில் சொல்லியிருந்தார்.

மருதையனும் தாய்மாமன் அய்யாக்கண்ணுவும் பங்காளி உடையானும் பூமிக்கடியில் ரயிலை விட்டு இறங்கினார்கள். நகரும் படியில் நின்றபடி மேலே வந்ததும் மாமன் முகத்தைச் சுளித்தார்.

"படிதானடா ஏறுச்சு. நாம எங்க ஏறினோம்?"

நியாயம்தானே! திரும்பக் கீழே போய், கல்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம், வாழைமரம் கட்டிய மண்டபம் எதிரிலேயே நின்றது. மருதையனுக்குப் போன உயிர் வந்தது.

சாலையைக் கடக்க வழியில்லை. ஸ்டேஷனுக்குள் இறங்கி அந்தப் பக்கத்து வாசல் வழியாக ஏறினார்கள். எதிரே பார்த்தால் பாத்திரக்கடை!

"பின்னால ஒரு மண்டபம் இருக்கு மாமா. பலகையில மருதையன்னு போட்டிருக்கு" என்றான் உடையான்.

"ஊர்ல ஒரே மருதையனா? நம்ம மண்டபம் எதிர்ல இருக்கணும்டா."

பழைய பக்கம் போனார்கள். மண்டபம் எதிரில். இந்தப் பக்கம் வந்தார்கள். பாத்திரக்கடை. இப்படியே மூன்று நடை ஆயிற்று. மணி பத்து இருபது. மாப்பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பழைய பக்கத்தில் நின்று மாமன் தாடையைத் தடவினார். "நாம பூமிக்குள்ள போற நேரம் பாத்து அது இடம் மாறுது. நான் கண்ணு கொட்டாம இங்கயே நிக்கறேன். எப்படி நகருதுன்னு பாக்கறேன். நீங்க ஓடுங்க!"

இருவரும் ஓடினார்கள். மேலே ஏறியதும் மருதையன் அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டான்.

"மாமா, எதிர்லதான் இருக்கா?"

"எதிர்லதான் இருக்கு. உள்ளே போடா!"

பத்து இருபத்தொன்பதுக்கு மணையில் உட்கார்ந்தான். மூன்று முடிச்சும் விழுந்தது. மருதையன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பந்தி போட்டதும் மாமனார் கேட்டார். "தாய்மாமன் எங்கே மாப்பிள்ளை?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு மண்டபத்தைப் பாத்துக்கிட்டிருக்காரு. கண்ணை எடுத்தா இடம் மாறிடும்."

பொன்னுரங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன மாப்பிள்ளை, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? அங்கிருந்து அவருக்கு முன்பக்கம்தானே தெரியும்? சமையல்கட்டு பின்னால இருக்கே, அது நகர்ந்துட்டா?"

தலையில் அடித்துக்கொண்டவர், சாம்பாருக்குக் காத்திருந்த தம் தம்பிகள் இருவரையும் இலையிலிருந்து எழுப்பிப் பின்தெருவுக்கு விரட்டினார்.