போர்வைக்குள் சைலன்சர்

டுபுடுபுவென்று ஒரு சத்தம் மதியத் தூக்கத்துக்குள் புகுந்தது. கண் திறக்கும் முன்பே அம்பலவாணனுக்குத் தெரிந்துவிட்டது, அது தன் வண்டி. வேட்டியை இறுக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

சைலன்சர்மேல் அவர் போர்த்தியிருந்த போர்வை கொடியில் கிடந்தது. நேற்று அடித்த கறுப்புப் பெயிண்டிலிருந்து புகை எழும்பியது. பக்கத்தில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா. வயதில் அவருக்கு ரொம்ப இளையவள். ஆனால் தூத்துக்குடி உப்புக்காற்றில் துருவேறிய சைலன்சருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதில் அந்தத் தெருவுக்கே வாத்தியார்.

"அணைச்சிரு, ஜெசிந்தா. புகையுது."

"புகையட்டும். உக்காருங்க அண்ணாச்சி."

"சாவி யாரு குடுத்தா?"

"கோமு அக்காதான். கீரை பறிக்க வந்தேன். வண்டிக்கு என்ன, குளிர்காய்ச்சலான்னு கேட்டேன். சிரிச்சிக்கிட்டே குடுத்தாவ."

உள்ளேயிருந்து மனைவி கோமுவின் குரல் வந்தது. "இந்தத் தடவையும் பெயிண்ட் உரிஞ்சா வண்டி காயலான் கடைக்குத்தான். சொல்லிட்டேன்."

போன தடவையும் அவர் ஒரு குறை வைக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்தார், தின்னர் விட்டுத் துடைத்தார், மெலிசாக அடித்தார். எல்லாம் ஜெசிந்தா சொன்னபடிதான். அப்புறம் போர்வையைப் போர்த்தி, கிளப்பாமலே பொத்திப் பொத்தி வைத்திருந்து, ஒருநாள் நேரே திருச்செந்தூருக்கு விட்டார். திரும்பும்போது பெயிண்ட் வெங்காயத் தோலாய்த் தொங்கியது.

ஜெசிந்தா வண்டியை அணைத்தாள். கை வைக்கிற பதத்துக்கு ஆறியதும் மறுபடி கிளப்பினாள். இப்போது கூடுதல் நேரம். புகை மெலிந்தது. ஆறவிட்டு இன்னொரு தரம் கிளப்பினாள். புகையே இல்லை.

வண்டி ஆறிய பின் சாவியை உருவி அவரிடம் நீட்டினாள். "கீறுங்க."

"நானா?"

"உங்க வண்டிதான?"

பட்டும் படாமல் கீறினார். தடம் விழவில்லை. அழுத்திக் கீறினார். கோமு வந்து நகத்தால் சுரண்டினாள், ஈர முந்தானையால் தேய்த்தாள். முந்தானையில் துளிக் கறுப்பு ஒட்டவில்லை.

"காயலான் கடைக்காரன் வந்தா என்ன சொல்ல?" என்றாள்.

அம்பலவாணன் வண்டிமேல் ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தார். "உன் ஓட்டைக் குடத்தைப் போடு."

கோமு சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஜெசிந்தா பக்கம் திரும்பினார்.

"பொத்தி வச்சேன், உரிஞ்சிது. நீ போட்டுச் சுட்ட, நிக்குது. அது எப்படி, வாத்தியாரம்மா?"

"சூடு தாங்கும்னு டப்பாவுல போட்டிருக்கு. நீங்க கொஞ்சங் கொஞ்சமா சூட்டைப் பழக்கலியே, அண்ணாச்சி. ஒரேயடியா சுட்டா அது எப்படித் தாங்கும்?"

அவர் இறங்கிப் போய்க் கொடியில் கிடந்த போர்வையை மடித்தார். ஜெசிந்தா அடுத்த கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள்.