மறந்தே தீர வேண்டிய தோட்டம்

கனியம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சோளங்குளம் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள்தான் கையாள். மகள் ஒண்ணாம் வகுப்பு என்பதால் பெற்றோர் குழுவிலும் சேர்த்திருந்தார்கள். கூட்டம் என்றால் சுளகோடு வாசப்படியில் உட்கார்ந்துகொள்வாள். வாய் திறந்ததே இல்லை. பருப்பைப் பார்த்துத்தான் தலையாட்டுவாள்.

அன்றைக்குத் தோட்டக்கலைத் துறை மேடம் வந்திருந்தார்.

“இங்கே ஒரு காய்கறித் தோட்டம் போடுங்க. மூணு மாசம் கழிச்சு வருவேன். தோட்டம் இருந்தா தண்ணிக் குழாய் உங்களுக்கு. இல்லன்னா பக்கத்து ஊருக்கு.”

கனியின் கை நின்றுவிட்டது. சமையலுக்கு ஊர்க் கிணற்றிலிருந்து தினம் எட்டுக் குடம் சுமப்பவள் அவள். குழாய் வந்தால் இடுப்பு பிழைக்கும்.

“ரொம்பப் பாடுபட வேண்டாம்,” என்றபடி மேடம் ஜீப்பில் ஏறினார். “நட்டுட்டு மறந்துடணும். அந்த மாதிரிச் செடியாப் பாருங்க.”

குழு உட்கார்ந்தது. குழு என்றால் தலைவர் மாசானம் அண்ணாச்சி, பெட்டிக்கடைச் சுடலைக்கண்ணு, தையல்காரர் நல்லபெருமாள்.

“கள்ளி நடுவோம். ஆடுகூடத் தொடாது,” என்றார் சுடலைக்கண்ணு.

“பிள்ளைகளும் தொடாதுகளே வே!” என்றார் அண்ணாச்சி.

“அப்போ கல்லு நட்டா என்ன?” என்றார் நல்லபெருமாள். “தண்ணி கேக்காது, உரம் கேக்காது, பூச்சி விழாது.”

எல்லாரும் அசந்துபோனார்கள். அண்ணாச்சி மட்டும் கண்ணை மூடி யோசித்தார். “ஆகாது. எங்கப்பா நட்ட எல்லைக்கல்லு முப்பது வருசமா முழங்கால் உசரந்தான் நிக்குது. மூணு மாசத்துல என்னத்தைக் காய்க்கும்?”

“முருங்கைப் போத்து, பரங்கி, தண்டுக்கீரை,” என்று கனி பருப்பிடம் முணுமுணுத்தாள். யார் சொன்னது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுத்துப் பேச ஆளில்லாததால் அதுவே முடிவாயிற்று.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் நட்டு முடித்தார்கள். அண்ணாச்சி கையைக் கழுவினார். “பாதி வேலை முடிஞ்சுது. இனி மறக்கணும். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுங்க.”

பத்து மணிக்கு வந்தார்கள்.

“மறந்தாச்சா?” என்று கேட்டார் அண்ணாச்சி.

“எதை?” என்றார் நல்லபெருமாள்.

“பாத்தீரா, மனுசன் முந்திக்கிட்டாரு!”

“ஓ, அந்தத் தோட்டத்தையா?”

“கெடுத்தீரே வே!”

இப்படியே ஒரு வாரம் போயிற்று. பிள்ளைகள் ஞாபகப்படுத்திவிடக் கூடாதே என்று ‘இங்கே தோட்டம் இல்லை’ என்று பலகை எழுதி மாட்டினார்கள். பலகையைப் படித்தவர்களுக்கெல்லாம் தோட்டம் ஞாபகம் வந்தது. பலகையைச் சாக்கால் மூடினார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் சாக்குக்குள் என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லச் சுடலைக்கண்ணு பக்கத்திலேயே காவல் நின்றார்.

கனிக்கு மட்டும் மறக்க வரவில்லை. ஊரே செய்கிற காரியம் தனக்கு ஆகவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. தண்ணீர் சுமந்து அந்தப் பக்கம் போகும்போது முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொள்வாள். முகம் ஒரு பக்கம் போனால் குடம் மறுபக்கம் சாயும். எட்டு நடைக்கும் எட்டுச் சாய்ப்பு. தோட்டம் குடித்துக் கொழுத்தது.

முருங்கை ஆள் உயரம் வந்தது. பரங்கிக்கொடி சுவரேறி, ஜன்னல் வழியாகக் குழு கூடும் வகுப்புக்குள் வந்து, அண்ணாச்சியின் நாற்காலிக் காலைச் சுற்றியது. அவர் கொடியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். ஜன்னலில் தொங்கிய காயில் துண்டைப் போட்டார்.

மூன்று மாதம் முடிந்து மேடம் வந்தார்.

“தோட்டம் எங்கே?”

மூவரும் மார்பை நிமிர்த்தினார்கள். “எந்தத் தோட்டம் மேடம்?”

“என்னங்க இது? நடவே இல்லையா?”

“எதை மேடம்?” என்று அண்ணாச்சி பூரித்துப்போனார். “நிக்கிறீங்களே, உக்காருங்க.” தரையில் கிடந்த பெரிய பரங்கிக்காயைத் துடைத்து அவர் பக்கம் உருட்டினார்.

மேடம் உட்காரவில்லை. வெளியே எட்டிப் பார்க்கவும் இல்லை. கோபத்தில் பேனாவை எடுத்தார். “அப்போ குழாய் பக்கத்து ஊருக்கு.”

கனியின் கண் முன்னால் எட்டுக் குடமும் வரிசையாக வந்து நின்றன. சுளகைக் கீழே போட்டு எழுந்தாள்.

“எனக்கு… எனக்கு ஞாபகம் இருக்கு.”

அவள் குரல் என்று தெரிந்து அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அடிப்பாவி!” என்றார் அண்ணாச்சி. “மூணு மாசமாவா?”

“மறக்கத்தான் பாத்தேன் அண்ணாச்சி. வரமாட்டேங்குது,” என்று அழுதுகொண்டே மேடத்தைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். மேடம் இடுப்பளவு கீரைக்குள் நின்று வெகுநேரம் சிரித்தார். குழாய் சமையல்கூடத்து வாசலுக்கே வந்தது.

இருந்தாலும் குற்றம் குற்றந்தானே. தினம் காலையில் கனியிடம் போய், தோட்டத்தை மறக்கும்படி ஞாபகப்படுத்துவது என்று குழு முடிவெடுத்தது.

பத்தாம் நாள் கனி வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்து மறுநாளைக்கான பருப்பில் கல் பொறுக்கும்போது மூவரும் வந்தார்கள்.

“மறந்தாச்சா கனி?”

“மறந்தாச்சு அண்ணாச்சி.” அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

சமையல்கூடத்திலிருந்து சமையல்காரி ஆவுடை கத்தினாள். “ஏட்டி கனி! பருப்பு வெந்துட்டு, சாம்பாருக்குப் பரங்கிக்காய் எங்கட்டி?”

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அண்ணாச்சி ஜன்னல் காயிலிருந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்ப அதிலேயே தொங்கவிட்டார். “பரங்கிக்காய்க்கு இந்நேரத்துல எங்க போறது?”

“எங்கேயும் போக வேண்டாம் அண்ணாச்சி,” என்றாள் கனி. “அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்தீங்கன்னா, அதுக்கு அடியில…”

“ஏட்டி கனீ! கெடுத்தியே!” என்று மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.