ஜன்னலைத் திறக்கட்டுமா?

போடிநாயக்கனூர் பூங்கோதைக்கு ஜெர்மனியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிட்டது, மொழித்தேர்வுதான் பாக்கி. தேறாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

பனிக்காலக் காலையில் தேர்வறைக்குள் போனாள். கறுப்புக் கோட்டுக் கிழவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவள் ஜெர்மனில் வணக்கம் சொன்னதுமே கத்தினார்.

"வெளிநாட்டுக்காரர் ஒருவரைக்கூட நான் தேறவிட்டதில்லை. உன் ஜெர்மன் செத்த ஜெர்மன். போ!"

மேஜையில் தூசி. அவர் ஓங்கித் தட்டியும் அதில் தடம் விழவில்லை. பூங்கோதை அதைக் கவனித்துவிட்டாள். ஆனாலும் நகரவில்லை.

"காற்றே இல்லை ஐயா. ஜன்னலைத் திறக்கட்டுமா?"

எந்தக் குளிரிலும் அறைக்குக் காற்று விடுவது அந்த நாட்டு வழக்கம். அவரால் மறுக்க முடியவில்லை. "திற!"

பனிக்காற்று பாய்ந்தது. பூங்கோதை தன் ஊர் ஏலக்காயைப் பற்றிச் சரளமாகப் பேசினாள். வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. அவரும் குறுக்கே கத்திக்கொண்டேதான் இருந்தார். ஆவியே வரவில்லை.

"இப்போது சொல்லுங்கள் ஐயா, செத்தது யாருடைய ஜெர்மன்?"

நாற்காலி காலியாக இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு தேர்வாளர்கள் இருவர் வந்தார்கள். "வெளியே நின்று கேட்டோம், ஏலக்காய்ப் பேச்சு பிரமாதம். நீ பாஸ்! ஆனால் உன் குரல் மட்டும்தானே கேட்டது, யாரோடு பேசிக்கொண்டிருந்தாய்?"