மணியம் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்

களக்காட்டு மலையடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. முத்துவடிவு அம்மை அதை நடத்தி வந்தார். அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த ஆதிமூலத்துக்கோ அறுபது தாண்டியிருந்தது. வள்ளியூரில் மருந்துக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். வயதில் இளையவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று ஊரில் சிலர் பேசினார்கள். ஆதிமூலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் கால்வாய்ப் பாலத்துக்குக் கீழே ஒரு நாயைக் கண்டார். எலும்பும் தோலுமாகக் கிடந்தது. துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். எதைக் கொடுத்தாலும் ஆவலாகத் தின்றது. தின்றதெல்லாம் சற்று நேரத்தில் அப்படியே வெளியே வந்துவிட்டது.

திருநெல்வேலியில் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உணவுக்குழாய் தளர்ந்து போயிருக்கு. விழுங்குறது வயித்துக்குப் போகாம வழியிலேயே தங்கிடுது. இதை முழுசா குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனா நிமிர்ந்து உக்காந்து சாப்பிட்டா தன்னால இறங்கிடும். சாப்பிட்ட பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருக்கணும். தண்ணிக்கும் அதே கதைதான். ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கணும். சோறு நுரையீரலுக்குள்ள போயிட்டா பிழைக்காது.”

ஆதிமூலம் தச்சரிடம் சொல்லிக் குறுகலாக ஒரு நாற்காலி செய்ய வைத்தார். நாய் அதில் முதுகைச் சாய்த்து, முன்னங்கால் இரண்டையும் எதிர்ப்பலகையில் வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. பால் ஊற்ற வந்தவர் பார்த்துவிட்டு, “மணியக்காரர் வரி கேட்டு உக்காந்திருக்க மாதிரில்லா இருக்கு” என்றார். அன்றிலிருந்து அதற்கு மணியம் என்று பெயர் விழுந்துவிட்டது.

வேளா வேளைக்கு ஆதிமூலம் ஊட்டினார். மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்தார். மழைக்காலம் வருவதற்குள் நாய்க்குச் சதை பிடித்துவிட்டது.

ஆண்டுதோறும் மார்கழி பிறந்ததும் அம்மை ஆசிரமத்தைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகக் கால்நடையாய்ப் போவார். மாசியில்தான் திரும்புவார். இந்த ஆண்டு கூட வரலாம் என்று ஆதிமூலத்திடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆதிமூலம் இத்தனை நாளும் காத்திருந்தார்.

“மணியத்தை என்ன செய்யம்மா?” என்று கேட்டார்.

“அதுக்கு ஒரு வீடு பாருங்க” என்றார் அம்மை.

ஆதிமூலம் சந்தையில் சொல்லி வைத்தார். முதலில் வந்தவர் அரிசி ஆலைக்காரர், மனைவியோடு காரில் வந்து இறங்கினார். ஆதிமூலம் வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

“மொதல்லயே சொல்லிடுதேன். இதுக்குத் தீராத வியாதி. எந்நேரமும் ஆள் வேணும். கொஞ்சம் அசந்தா உசிருக்கு ஆபத்து.”

அரிசி ஆலைக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காரைப் பார்த்தார். போய்விட்டார்கள்.

அடுத்து வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். பிறகு திருநெல்வேலியிலிருந்து தாட்சாயணி என்றொரு பெண் காரில் வந்தார். வசதியான குடும்பம். ஆதிமூலம் சொல்லச் சொல்ல அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஐயோ பாவம், இந்த வாயில்லா ஜீவனுக்கு இப்படியா?” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எந்த மாத்திரை, எந்த வேளை, எந்த மருத்துவர் என்று எல்லாம் விசாரித்தார். இன்றைக்கே கூட்டிப் போவதாகச் சொன்னார்.

ஆதிமூலத்துக்கு மனசு லேசாகிவிட்டது.

உள்ளேயிருந்து அம்மை வந்தார். “சாப்பிட்டுட்டுப் போங்க. நாய் இங்கே இருக்கட்டும்” என்றார்.

கார் போன பிறகு ஆதிமூலம் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார். “சம்மதிச்சு வந்தது ஒரே ஒரு ஆள். அவங்களையும் அனுப்பிட்டீங்களே அம்மா. அவங்க கிட்ட என்ன குறை?”

“குறை ஒண்ணும் இல்லை. நல்ல மனுஷி. ஆனா அவங்க நோயை எடுத்துட்டுப் போக வந்தாங்க. நாயை எடுத்துட்டுப் போக யாராவது வரட்டும்.”

“நாயும் நோயும் ஒண்ணாத்தானே இருக்கு?”

அம்மை எதிரே உட்கார்ந்தார். “மணியத்தைப் பத்திச் சொல்லுங்க, கேப்போம்.”

“உணவுக்குழாய் தளர்ந்து...”

“அது நோய்.”

“கால்வாயில கெடந்து...”

“அது நடந்த கதை. மணியத்தைப் பத்திச் சொல்லுங்க.”

ஆதிமூலம் நாயைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியிலிருந்து மணியம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அவங்க மணியத்தோட பேரைக் கூடக் கேக்கலை. நீங்களும் சொல்லலை” என்று சொல்லிவிட்டு அம்மை எழுந்து போனார்.

மறுநாளிலிருந்து ஆதிமூலம் நாயைப் பார்க்க ஆரம்பித்தார். ஊட்டுவதற்காகவும் துடைப்பதற்காகவும் இத்தனை நாள் பார்த்தது வேறு. இப்போது சும்மா பார்த்தார்.

உலையில் சோறு பொங்கி வழியப் போகிறது என்றால் மணியம் முன்கூட்டியே எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றது. கந்தல் உடுத்தி வந்தவர்களைக் குரைக்காமல் உள்ளே விட்டது. சந்தன நிறச் சட்டை போட்டுக்கொண்டு நிலம் விலைக்கு உண்டா என்று கேட்டு வந்த தரகரை மட்டும் வேலி வரைக்கும் துரத்தியது. கோவிலில் சங்கு ஊதினால் தானும் தலையைத் தூக்கி ஊளையிட்டது. சங்கு நின்ற பிறகும் அது நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அணில் வந்து பலகையில் சிந்திய பருக்கையைப் பொறுக்கும். மணியம் அசையாது. ஊருக்கே சோறு போடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கும்.

சந்தைக்குப் போன இடத்தில் ஆதிமூலம் இதையெல்லாம் சொன்னார். தரகர் ஓடியதைச் சொன்னபோது காய்கறிக்கடையில் பெரிய சிரிப்பு எழுந்தது. தன் குரலில் ஒரு மிடுக்கு ஏறியிருப்பதை அவரே கேட்டார்.

சிரித்தவர்களில் எஸ்தர் பாக்கியமும் ஒருத்தி. நாங்குநேரியில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், தனி ஆள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்த கையோடு, ஜெபப் புத்தகமும் கையுமாக ஆசிரமத்துக்கு வந்து நின்றாள்.

“அந்த மணியக்காரரைப் பாக்கணுமே” என்றாள்.

மணியம் அவளை மோந்து பார்த்தது. செருப்பில் ஒட்டியிருந்த நூல் துணுக்கைப் பல்லால் பிடித்து இழுத்தது. எஸ்தர் சிரித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிமூலம் பேசினார். உலை, அணில், சங்கு எல்லாம் பேசினார். பிறகு நோயைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னார். இந்த முறை அவர் குரல் தாழவில்லை. “அவர் உக்காந்துதான் சாப்பிடுவார். கூட ஒரு ஆள் இருக்கணும்” என்று முடித்தார்.

“நானும் உக்காந்துதான் சாப்பிடுவேன்” என்றாள் எஸ்தர். “எனக்குக் கூட ஆளில்லை.”

அவள் அடிக்கடி வந்து ஊட்டப் பழகினாள். ஒரு நாள் மணியத்துக்குப் புரையேறியது. உடம்பே வில்லாக வளைந்தது. எஸ்தர் பதறவில்லை. ஆதிமூலம் கற்றுக்கொடுத்தபடி தலையைத் தாழ்த்திப் பிடித்து, விலாவைத் தட்டி, மூச்சு சீராகும் வரை கையை எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் சிந்திய கஞ்சியைத் துடைத்தாள்.

“இனி கொடுக்கலாம்” என்றார் அம்மை.

ஆனால் இப்போது ஆதிமூலத்துக்கு மனம் வரவில்லை. எஸ்தர் வீட்டுத் தரையில் ஊசி கிடக்கும் என்றார். தையல் மெஷின் சத்தத்தில் நாய் இருமுவது கேட்காது என்றார். கஞ்சி கெட்டியாகக் காய்ச்சுகிறாள் என்றார்.

“இப்ப அதோட அருமை எனக்குத் தெரியுதும்மா. தெரிஞ்ச பிறகு எப்படிக் கொடுக்க? என்னை மாதிரி யாரு பாத்துக்கிடுவா?”

அம்மை ஆசிரமத்துச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். “அப்போ நீங்க இங்கேயே இருங்க. நான் மட்டும் போறேன்.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் ஆதிமூலத்துக்குத் தாங்கவில்லை.

காலையில் அவர் யாரிடமும் சொல்லாமல் நாங்குநேரிக்குப் பஸ் ஏறினார். எஸ்தரின் வீட்டு வாசலில் செருப்பு கழற்றும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ பிள்ளைக்கு அளவு கொடுக்க வந்திருந்தார்கள்.

“இங்க வைக்காதிய அக்கா, அந்த மூலை மணியத்துக்கு” என்று எஸ்தர் சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுக்கு ஒருத்தர் வாராரு. லேசுப்பட்ட ஆள் இல்லை. நாற்காலி போட்டாத்தான் சாப்பிடுவாரு. தரகனை எல்லாம் ஓட ஓட விரட்டியிருக்காரு.”

ஆதிமூலம் எட்டிப் பார்த்தார். தரை சுத்தமாகக் கூட்டியிருந்தது. தையல் மெஷினை ஒட்டி, அவள் உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில், ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

அவர் உள்ளே போகவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். சாயங்காலம் நாற்காலியை ஆட்டோவில் கட்டி, மணியத்தை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி போனார். கொடுத்துவிட்டு வந்து, சாவியை அம்மையிடம் நீட்டினார்.

மார்கழியிலிருந்து மாசி வரை அம்மையோடு நடந்தார். கால் கொப்புளித்தது, ஆறியது. மணியத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நினைக்காத நாளும் இல்லை.

திரும்பி வந்த மறுநாள் நாங்குநேரிக்குப் போனார். எஸ்தர் மெஷினில் இருந்தாள். மணியம் நாற்காலியில் இருந்தது. ரோமம் பளபளத்தது. அவரைக் கண்டதும் வால் பலகையில் டப் டப்பென்று அடித்தது. எஸ்தர் எழுந்து வருவதற்குள், துணிக்காகக் காத்திருந்த ஒரு பெண் முந்திக்கொண்டாள்.

“பயப்படாதிய ஐயா, கடிக்காது. இது எங்க தெரு மணியம். புதுசா பாக்கியளோ?”

ஆதிமூலம் தலையசைத்தார்.

“சாப்பாட்டுக்கு எப்படி உக்காந்திருக்கு பாருங்க. எம்மவன் ஒரு எடத்துல உக்காந்து திங்க மாட்டான். இப்ப மணியம் மாதிரி உக்காருலேன்னு சொன்னா உக்காருதான். பள்ளிக்கூட மணி அடிச்சா பிள்ளைகளைக் கூப்பிட வாசலுக்குப் போயிடும். எஸ்தர் அக்கா வளர்ப்பு. பிள்ளையைப் போல வளத்திருக்கா. இந்தச் சுத்துவட்டாரத்துல இப்படி ஒரு நாய் கிடையாது, கேட்டுக்கோங்க.”

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. “அக்கா, இவங்கதான்...” என்று ஆரம்பித்தாள்.

ஆதிமூலம் கையமர்த்தினார். பிறகு அந்தப் பெண்ணுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்படியா?” என்றார். “வேற என்னெல்லாம் செய்யும்?”

அவள் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாததும் அதில் நிறைய இருந்தது.

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் அம்மையிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“நான்தான் பாலத்துக்கடியில இருந்து தூக்கிட்டு வந்தேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துட்டுதும்மா.”

“சொன்னீங்களா?”

“இல்லை. அந்தம்மா பெருமை பேசப் பேச எனக்கு நெஞ்சு விம்முது. பேசாம கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்.”

அம்மை அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ இன்னைக்குத்தான் கொடுத்திருக்கீங்க” என்றார்.