ஏழு தட்டு கூடிய பள்ளி

எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் இரண்டு பேர் ஃபெயில். விடுவாரா கல்வி அதிகாரி அம்பலவாணன்? ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

"பக்கத்து ஊர்ப் பள்ளி நூற்றுக்கு நூறு! உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு? அடுத்த வருஷம் ஒருத்தர்கூட ஃபெயிலாகக் கூடாது. எப்படின்னு இப்பவே எழுதிக் கொடுங்க" என்று தலைமையாசிரியையிடம் குதித்தார்.

அதிகாரி வந்தால் சத்துணவை ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது வழக்கம். சாப்பாட்டுத் தட்டும் பதிவேடுமாக வந்த சமையல்காரி பேச்சித்தாய் சொன்னாள்:

"அது சுலபம்தான் ஐயா. போன ஜூன்ல அந்தப் பள்ளிக்கூடத்துல, படிப்பு வராதுன்னு ஏழு பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து இங்க அனுப்பிட்டாங்க. எனக்கு ஏழு தட்டு கூடுச்சு. அதுல அஞ்சு பேரு பாஸாயிட்டாங்க. மிச்ச ரெண்டு பேருதான் நீங்க சொல்ற ஃபெயிலு."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சித்தாய் தொடர்ந்தாள்:

"நாங்களும் அதே மாதிரி நூறு வாங்கிடுறோம். படிப்பு வராத பிள்ளைகளை நாங்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும்னு மட்டும் நீங்க எழுதிக் கொடுத்துடுங்க ஐயா."

அதிகாரி பேனாவைத் திறந்தார். ருசிப் பதிவேட்டை இழுத்து, 'சாம்பார் மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாம்பாரை அவர் இன்னும் தொடவே இல்லை.